அஞ்சடியில பேசுற போனு

தடையாம் தம்பி, தடை! யாரை? என்னைய! இந்தக் குயின் ஸ்ட்ரீட்டுல பாத்திரம் பண்டம் வித்தே தலை நரைச்சவன் நானு. என் கடை வாசல்ல, என் அஞ்சடி நடைபாதையில, செவனேன்னு நிக்கிறேன். ஒரு போனு வந்து சொல்லுது, "முன்னால் தடை. இடப்பக்கம் விலகவும்." விலகவுமாம்! ரேடியோவுல செய்தி வாசிக்குமே ஒரு அம்மா, அதே கொரலு. வெள்ளம் வந்துச்சு, விலைவாசி ஏறிச்சுங்கிற மாதிரி, காதரு நிக்கிறாரு, விலகவும்!

உக்காருங்க தம்பி, உக்காருங்க. அந்தச் செவப்பு நாக்காலிய இழுத்துப் போட்டு... என்னது? பச்சையா? பச்சைதான், நானும் அதத்தானே சொன்னேன். வெயிலு அடிச்சா பச்சையும் செவப்பாட்டம்தான் இருக்கும். மொப்புதானே கேட்டீங்க? இந்தாங்க, நல்ல கனமான... தொடப்பமா? ஆங்... தொடப்பமும் ஒண்ணு வேணுமேன்னுதான் எடுத்தேன். வேணாமா? சரி, மொப்பு உள்ளதான் இருக்கு, எங்க ஓடிப்போவுது. புக்கிட் மெர்தாஜாம் போகணுமா? ஃபெர்ரியும் எங்கேயும் ஓடிப்போகாது. தே தண்ணி சொல்லியிருக்கேன், இந்தா வந்துரும், குடிச்சிட்டுப் போங்க லா.

நீங்க செத்த நேரம் இருந்தா எனக்கும் ஒரு உபகாரம் தம்பி. என் மக சுலைஹா வர்றா இன்னிக்கு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால வந்துருவேன்னு போன் போட்டா. பாயான் லெப்பாஸ்ல இருக்கா, ஃபேக்டரியில பெரிய வேலை, வீடு ஏழாவது மாடி. அவளுக்கு யாரோ ஓதிவிட்டுட்டாங்க, வாப்பாவுக்குக் கண்ணு தெரியலேன்னு! எனக்கு! கடைய அடைச்சிட்டு, சாமானெல்லாம் வந்த வெலைக்குத் தள்ளிட்டு, அவகூட வந்து அந்த ஏழாவது மாடியில உக்காரணுமாம். உக்காந்து என்ன செய்யறது? காக்காவுக்குக் கதை சொல்றதா? இன்னிக்கு வந்து பாத்துட்டு முடிவு சொல்றாளாம். அவ வர்றப்ப நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். "உங்க வாப்பா என்னைத் தூரத்திலேர்ந்தே கண்டுபுடிச்சிட்டாரு, பாத்துப் பாத்து சாமான் எடுத்துக் குடுத்தாரு"ன்னு. வாடிக்கைக்காரர் சொன்னா கேப்பா. பெத்தவன் சொன்னா எங்க கேக்குறாளுவோ.

ஓதிவிட்டது யாரா? அதத்தான சொல்ல வர்றேன்! எல்லாம் அந்த ஹமீதுதான். அப்துல் ஹமீது. மாடியில குடியிருக்கான், பீச் ஸ்ட்ரீட்டுல ஒரு ஆபீஸ்ல டெலிபோன் எடுக்குற வேலை. அவனுக்கு ரெண்டு கண்ணும் தெரியாது தம்பி. பொறவிக் குருடு இல்ல. இனிப்பு நீரு, சக்கரை வியாதி. சொன்னாக் கேட்டாத்தானே? இந்தா தே வந்துருச்சு, குடிங்க. எனக்கும் இனிப்பு நீருதான், அதனால பாலு கம்மியாத்தான் ஊத்தச் சொல்லியிருக்கேன்... எங்க, என் கிளாஸு... ஆங், இங்க இருக்கு. கையில பட்டுக் கொஞ்சம் சிந்திருச்சு. இந்த மேசை ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கு.

முந்தியெல்லாம் குச்சியத் தட்டிக்கிட்டு ஓரமாப் போவான் வருவான். பாவம்னு நானே கையப் புடிச்சுத் தெருவத் தாண்டி விட்டுருக்கேன். ஆமா, கோவத்தோடதான் விட்டேன், அது வேற கதை. இதே சுலைஹா கல்யாணத்துல, நாலு பேரு சாப்புடுற பந்தியில, அப்ப அவனுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், தால்சாக் கொழம்ப ஒரு கரண்டி தூக்கி ஊத்திப் பாத்துட்டு, "காதரு, இதுல கை கழுவலாம்டா"ன்னான் தம்பி! சம்பந்தி வீட்டுக்காரங்க சிரிச்சாங்க! சுலைஹா மூத்த மவனுக்கு இப்ப மீசை வந்துருச்சு, எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதுல கேக்குது. மறக்கிறதா? மௌத்தாப் போனாலும் மறக்க மாட்டேன்.

சரி, போனுக்கு வர்றேன். அவன் மக ஸஹ்ரா, படிச்ச புள்ள, ஒரு போனை வாங்கி, வாரு கட்டி, அப்பன் கழுத்துல தொங்கவிட்டுட்டா. நெஞ்சுல தொங்குது, தாயத்து மாதிரி. அதுக்குக் கேமரா இருக்குல்ல, அது முன்னால என்னா இருக்குன்னு பாத்துப் பாத்துச் சொல்லுது. மோட்டார் சைக்கிள் நிக்குது, படி இருக்கு, காடி வருது, நாய் படுத்திருக்குன்னு. குச்சிக்குக் கீழ இருக்குறதுதான் தெரியுமாம். தலைக்கு நேரா தொங்குறதக் குச்சி காட்டாதாம், போனு காட்டுதாம். இந்த ஊருல தொங்குறதுக்கா பஞ்சம்!

இப்ப அவனப் பாக்கணுமே! ராசா நடை! வெள்ளைக்காரன் நின்னு போட்டோ புடிக்கிறான். காப்பிக் கடையில எழுந்து எடம் விடுறாங்க. ரெண்டு கண்ணும் நல்லா இருக்குற எனக்கு எவன் எடம் விட்டான்?

சத்தத்தையாவது கொறைக்கலாம்ல? "காதுல மாட்டிக்கிற வயரு இருக்குல்லடா, அத மாட்டிக்க"ன்னேன். அதுக்கு அவன், "காது எனக்குக் கண்ணு காதரு, அத அடைச்சிக்கிட்டா மோட்டார் வர்றது எப்புடித் தெரியும்"கிறான். வசனம்! "சத்தத்தக் கொறைடா, சத்தத்தக் கொறைடா"ன்னு வாய் வலிக்கச் சொல்லிட்டேன். கொறைக்கல. தெனம் காலையில என் கடை வாசல்ல நின்னு, ஊருக்கே கேக்குற மாதிரி என் சாமான ஏலம் போடுது. "வாளி. வாளி. ஏணி. வாளி. வழி குறுகலாக உள்ளது." போற வர்றவனெல்லாம் திரும்பிப் பாக்குறான். ஒரு பொம்பளை, "அஞ்சடி நடக்குறதுக்கு லா அண்ணே, சாமான் பரப்புறதுக்கு இல்ல"ங்குது. அட, எந்தக் கடைக்காரன் பரப்பல? எடுத்துக்காட்டு சொல்லுங்க பாப்போம்!

அப்புறம்தான் எனக்கு ரோசம் வந்துச்சு. என்னா மெஷினு, அதயும் பாத்துருவோம்னு... இதக் கேளுங்க தம்பி, சுலைஹாகிட்ட சொல்லாதீங்க. தெனம் காலையில சாமான எடம் மாத்தி வப்பேன். நேத்து வாளி இந்தப் பக்கம்னா இன்னிக்கு அந்தப் பக்கம். ஏணிய ஒரு நாள் சாச்சு வப்பேன், ஒரு நாள் படுக்க வப்பேன். குவாலி இருக்குல்ல, பெரிய இரும்புச் சட்டி, அத அவன் நெத்திக்கு நேரா ஒரு கொக்கியில மாட்டுவேன். மெஷினு கொழம்பட்டும், வழக்கம் போல நானே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், "ரொம்ப நன்றி காதரு"ன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்னு. கெட்ட எண்ணம் ஒண்ணுமில்ல.

கொழம்புச்சாங்கிறீங்களா? எங்க! "தலை உயரத்தில் தொங்கும் பொருள். குனியவும்." குனிஞ்சான். போயிட்டான். அன்னிக்குச் சாயங்காலம் அந்தக் குவாலியில யாரு மண்டை இடிச்சுதுன்னு கேக்காதீங்க. இந்தக் கட்டை விரலா? இது... ஏணியில பட்டது. படுக்க வச்சிருந்தேன்ல. யாரோ நகத்தி வச்சிட்டாங்க.

என்ன தம்பி, எந்திரிக்கிறீங்களா? கால் மரத்துப் போச்சா? நில்லுங்க, செத்த நின்னு ஒதறுனா சரியாப் போயிரும். இந்தப் பாட்டுக் கடைக்காரன் வேற காலங்காத்தாலேருந்து அலற விடுறான், பக்கத்துல பேசுறது கூடக் கேக்க மாட்டேங்குது. ஆங்... உக்காந்துட்டீங்களா? சரி சரி.

எங்க விட்டேன்? மெஷினு. அது சரியாச் சொல்லுதுன்னு நெனச்சுக்கிறாதீங்க. பொய்யி! அம்புட்டும் பொய்யி! நானே கையும் களவுமாப் புடிச்சிருக்கேன். பக்கத்துல துணிக்கடை இருக்குல்ல, சலேஹா அக்கா கடை. அக்கா போன வாரத்துலேருந்து காலையிலேயே வந்து வாசல்ல நிக்குது. புதுசா ஒரு பழக்கம். நல்ல நீலக் கலரு பாஜு உடுப்பு, தலையில துடோங் முக்காடு, அம்சமா நிக்கிது. நான் தெனம் சலாம் சொல்றேன். பதில் இல்ல. என்ன கோவமோ, இருக்கட்டும், நான் என் கடமையச் செய்யிறேன். முந்தாநாளு ஹமீது போறான், அக்கா நிக்கிற எடத்துல போனு என்னா சொல்லுது தெரியுமா? "துணிக்கடை பொம்மை." பொம்மையாம்! உசிரோட நிக்கிற பொம்பளையப் பாத்து! நேராப் போயி அக்காட்டயே சொல்லிட்டேன், "அக்கா, அந்த மெஷினு உங்கள பொம்மைங்குது, நீங்க சும்மா விடாதீங்க"ன்னு. அக்கா ஒரு வார்த்தை பேசணுமே! அசையக் கூட இல்ல தம்பி. என்ன பொறுமை, என்ன பொறுமை! நானா இருந்தா அந்தப் போனைப் புடுங்கிச் சாக்கடையில போட்டுருப்பேன்.

இன்னொண்ணு. வாசல்ல கறுப்பா ஒரு துணி கெடந்துச்சு. ஹமீது தாண்டிப் போறான், போனு "பூனை"ங்குது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உன் மெஷினுக்குக் கண்ணு டாக்டர் வேணும்டா"ன்னு சொல்லிக்கிட்டே குனிஞ்சு அந்தத் துணிய எடுத்தேன்... பாருங்க இந்தக் கைய. நாலு கோடு. அதுக்குத் தடுப்பூசி வேற. சரி, அன்னிக்கு ஏதோ குருட்டாம்போக்குல சொல்லிருச்சுன்னு வச்சுக்குவோம். ஒண்ணு ரெண்டு சரியா வரத்தான் செய்யும்.

பேச்சே காணோமே தம்பி? கவனமாக் கேக்குறீங்க, அதான். நல்ல வளர்ப்பு. இந்தக் காலத்துல பெரியவங்க பேசுனா யாரு இம்புட்டு நேரம் உக்காந்து கேக்குறா? ஒரு பேச்சு ஆரம்பிச்சாப் போதும், "மாமு, வேலை இருக்கு"ன்னு நழுவிருவானுவோ. நீங்க தங்கம். மொப்பு ஒண்ணு என்ன, ரெண்டு தர்றேன்.

சுலைஹாவுக்கு எதுனால சந்தேகம் வந்துச்சுங்கிறீங்க? கெரேத்தா, என் காருதான். நோம்புப் பெருநாளைக்கு அவ வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனேன், கீழ காடி விடுற எடத்துல ஒரு கம்பம். அந்தக் கம்பம் அதுக்கு முந்தி அங்க இருந்ததே இல்ல தம்பி. வல்லாஹி! நான் போற நேரம் பாத்து நட்டுருக்கான். கதவு பூராச் சொரண்டிருச்சு. அன்னிக்குச் சாவிய வாங்கி வச்சிக்கிட்டவதான். அப்புறம் ஹமீது மாடியில இருந்துக்கிட்டு அவளுக்குப் போன் போட்டு, "உங்க வாப்பா இன்னிக்கு ஏணியில இடிச்சாரு, குவாலியில இடிச்சாரு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போம்மா"ன்னு... கண்ணு தெரியாதவனுக்கு நான் இடிச்சது எப்புடித் தெரிஞ்சுது? சத்தத்த வச்சுக் கண்டுபுடிச்சானாம். காதா, இல்ல போலீஸ் ஸ்டேசனா அது!

என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பனி மூட்டம் மாதிரி. நடுவுல ஒரு கறுப்பு. ஓரத்துல எல்லாம் நல்லாத் தெரியுது. நேரா பாத்தாத்தான் ஆளு மொகம் காணாமப் போகுது. வயசானா எல்லாருக்கும் உள்ளதுதானே? டாக்டருக்கிட்டப் போனா என்னா சொல்வான்? ஹமீதுக்குச் சொன்னதத்தான் சொல்வான். அதெதுக்கு, காசு குடுத்துக் கேட்டுக்கிட்டு.

ஏழாவது மாடி தம்பி. அங்க என்னைய யாருக்குத் தெரியும்? இங்கன்னா கண்ண மூடிக்கிட்டே எந்தச் சாமான் எங்கேன்னு எடுப்பேன். எடுப்பேன், அதாவது, நான் எடம் மாத்தாம இருந்தா.

இருங்க... கேக்குதா? டக், டக். குச்சி. அவன்தான். ஆபீஸ் அரை நாளு இன்னிக்கு. காப்பிக் கடைக்குப் போறான் தொரை. நீங்களே பாருங்க தம்பி, நீங்கதான் சாட்சி. இன்னிக்குக் காலையில மொத்தத்தையும் பொரட்டி வச்சிருக்கேன். மெஷினு எப்புடி முழிக்குதுன்னு பாருங்க!

"வலப்பக்கம் வாளி அடுக்கு. இடப்பக்கம் ஏணி. நடுவில் செல்லவும். தலை உயரத்தில் தொங்கும் பொருள். குனியவும்."

தூ! வந்துட்டான். வாடா ஹமீது, வா! உன் ரேடியோ அம்மா என்னா சொல்றா? செய்தி முடிஞ்சுதா, வானிலை இருக்கா?

"முன்னால் நாற்காலி. காலியாக உள்ளது."

கேட்டீங்களா! கேட்டீங்களா தம்பி! காலியாம்! ஆளு உக்காந்திருக்குற நாக்காலி காலியாம்! இப்ப மாட்டுச்சா? டேய் ஹமீது, இன்னிக்குச் சாட்சியோட புடிச்சேன்டா. புக்கிட் மெர்தாஜாம் தம்பி இங்கதான் உக்காந்திருக்காரு. தம்பி, ஒரு வார்த்தை பேசுங்க. அந்தக் குருட்டு மெஷினுக்கு ஒறைக்கிற மாதிரி பேசுங்க... தம்பி?

வெளாடாதீங்க தம்பி.

...நாக்காலி சில்லுன்னு இருக்கு. தே அப்புடியே இருக்கு. ஏடு கட்டிப் போச்சு.

சிரிக்காதடா. சிரிக்காதங்கிறேன்ல! இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருப்பாரு. இந்த நிமிசம். மொதல்ல அந்தச் சத்தத்தக் கொறைடா, மானம் போகுது! ...கொறைச்சிட்டியா? அதிசயந்தான். இத்தன நாளும் கேக்காதவன் இன்னிக்குக் கேட்டுட்டான். என்னமோ இன்னும் முணுமுணுங்குதே, என்னா சொல்லுது அது?

"முதியவர் ஒருவர். அவருக்குப் பின்னால் ஒரு பெண்."

பின்னால பொம்பளையா? என் கடைக்குள்ளயா? இதுவும் பொய்யி. யாரும்மா? என்ன வேணும்? வாளியா, மொ...

சுலைஹா?

நீ எப்பம்மா வந்த? பின் சந்து வழியாவா? ஏன், ஊருல எல்லாரும் மாதிரி வாசல் வழியா வந்தா என்ன? ...வழி இல்லியா? ...வாளி. சரி, என் வாளிதான். ஏணியும் என் ஏணிதான். எவ்வளவு நேரமா நிக்கிற? ...பூனையிலேருந்தா? அல்லாவே. அதுக்கு முந்தி சொன்னதக் கேக்கலல்ல? ...அப்ப சரி. ஒண்ணுமில்ல, தால்சாவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்.

பாத்தியாம்மா, நல்லாத்தான் இருக்கேன். உன் துடோங் கூட... நல்ல கலரு.

என்னது? சலேஹா அக்காவா? உம்ரா யாத்திரைக்குப் போயி ரெண்டு வாரம் ஆச்சா? அவங்க மருமவப் புள்ளதான் கடையப் பாக்குதா? அப்ப நான் தெனம் யாருக்கு சலாம்...

பேசாம இருடா ஹமீது. ஒரு வார்த்தை பேசாத.

இல்லம்மா. துணியெல்லாம் மடிச்சு வைக்கிறதெல்லாம் வேணாம். நான் வரல. கேளு, ஒரு ஞாயம் சொல்றேன். அந்த மூலைக் காப்பிக் கடை வரைக்கும் இந்த அஞ்சடியிலேயே நடந்து போயிட்டுத் திரும்பி வர்றேன். ஒரே ஒரு சாமான்ல என் காலு பட்டாலும் சரி, தலை பட்டாலும் சரி, இன்னிக்கே கடையச் சாத்திட்டு உன் ஏழாவது மாடிக்கு வந்து காக்கா எண்ணுறேன். படலேன்னா? படலேன்னா இந்தப் பேச்ச எடுக்கவே கூடாது. சம்மதமா? சொல்லு... சரின்னுட்டா. ஹமீது, நீ சாட்சி. உன்ன விட்டா வேற சாட்சி இல்ல எனக்கு, என் நேரம்.

ம். போறேன். இப்பப் போறேன்.

பெரிய வாளி இந்தப் பக்கம்... இல்ல, அது நேத்து. இன்னிக்கு எங்க வச்சேன்? ஏணி படுத்திருக்கா, சாஞ்சிருக்கா? குவாலி எந்தக் கொக்கி... இருக்கட்டும்மா, அவசரப்படுத்தாத. செருப்பு சரியில்ல, அதான்.

ஏ ஹமீது, நீயும் காப்பிக் கடைக்குத்தானே போறே? அப்பப் போயேன், யாரு வேணாம்னா? நீ முன்னால போ. நான் ஒரு ரெண்டடி தள்ளி வர்றேன். சும்மா, ஒரே வழிதானே. ...தால்சாவா? அது வேற கணக்குடா, அத இப்ப எடுக்காத, மக நிக்கிறா. நட. மெதுவா நட.

இந்தப் பாட்டுக் கடைக்காரன் வேற... ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே. ஹமீது. டேய். அவளுக்குத் தெரியாம... அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டுடா.